மாமனாருக்கு மூணு மாச சுகர் 6.2, ஆனாலும் லோ சுகரில் விழுந்துவிட்டார். மாத்திரையைக் குறைக்கலாமா?

நீடாமங்கலம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம் எங்களுக்கு. மாமனாருக்கு 74 வயது. சுகர் வந்து இருபது வருஷம் இருக்கும், பிரஷரும் உண்டு. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ரிப்போர்ட் வாங்கி வருவது எல்லாம் நான்தான்.

போன மாதம் எடுத்த மூணு மாச டெஸ்டில் எச்பிஏ1சி 6.2. வெறும் வயிற்றில் 84. கிட்னிக்கு எடுத்த டெஸ்டில் கிரியாட்டினின் 1.6. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "இந்த வயசுல இப்படி கன்ட்ரோல்ல வச்சிருக்கவங்க கம்மி" என்றார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரில் வருகிற சுகர்காரரிடமெல்லாம் "உனக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் எட்டு, ஒன்பது என்று சொல்லும் வரை காத்திருந்து, பிறகு தன் நம்பரைச் சொல்வார்.

இந்த வாரம் நடந்தது இது. சம்பா அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தோம். ஈரப்பதம் 17க்கு மேல் இருக்கிறது, காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டதால் மாமா அங்கேயே களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டு கிடந்தார். காலையில் மாத்திரை போட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போனவர், மதியம் சாப்பாட்டுக்கு வரவில்லை. வரிசை போய்விடுமாம். மூன்று மணி வாக்கில் சாக்கு பிடிக்கிற ஆளிடம் சம்பந்தமே இல்லாமல் கத்தியிருக்கிறார், நாக்கு குழறியிருக்கிறது. வெற்றிலை பாக்கு தவிர எதையும் தொடாத மனுஷர். பார்த்தவர்கள் "பெரியவர் போட்டுட்டு வந்துட்டார்" என்று நினைத்து வேப்பமரத்தடியில் படுக்க வைத்துவிட்டார்கள். பக்கத்து வயல்காரருக்குத்தான் சந்தேகம் வந்து, டீக்கடையில் சீனி வாங்கி நாலு ஸ்பூன் கரைத்துக் குடிக்க வைத்தார். அரை மணி நேரம் ஆகியும் தெளியவில்லை. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குத்திப் பார்த்தால் 41. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து "என் நெல்லை யார் பார்த்துக்கிறா?" என்று கேட்டார். வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்றார். அவர்கள் விடவில்லை, நல்ல வேளை. ராத்திரி ஒரு மணிக்கு மறுபடியும் 58க்கு இறங்கிவிட்டது.

அவர் சாப்பிடும் மாத்திரை: கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2 மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, மெட்டோபிரோலால் 50.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் "இந்த மாத்திரை இவருக்கு அதிகம், குறைக்கச் சொல்லுங்க" என்று எழுதிக் கொடுத்தார். வழக்கமான டாக்டரோ "மாத்திரை சரிதான், நேரத்துக்குச் சாப்பிடாதது அவர் தப்பு" என்கிறார். வீட்டுக்காரர் போனில் கத்துகிறார், குறைக்கவே கூடாது, தாத்தாவுக்குச் சுகரால்தான் கால் எடுத்தது என்று. யார் சொல்வதைக் கேட்பது? குறைத்தால் கிட்னி இன்னும் கெட்டுப்போகாதா? அவ்வளவு சீனி கொடுத்தும் ஏன் ஏறவில்லை? இன்னொன்று, மார்கழிக் குளிரிலேயே சில நாள் விடியற்காலையில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு அவருக்கு வேர்த்திருக்கிறது. மாமியார் ஃபேனைக் கூட்டி வைப்பார். அதுவும் இதுதானோ?

---

குடந்தை மருந்தாளுநர்:

அம்மா, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது, அது டாக்டர் வேலை. ஆனால் சீட்டைப் படிக்கத் தெரியும். உங்கள் மாமனார் சீட்டைப் படித்தால் நடந்தது எதுவும் ஆச்சரியமாக இல்லை.

முதலில் அந்தச் சீனி. மூன்று மருந்து கலந்த மாத்திரையில் வோக்ளிபோஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதன் வேலையே குடலில் மாவையும் சீனியையும் உடைய விடாமல் தாமதிப்பதுதான். நாம் வாங்கும் வெள்ளைச் சீனி உடைந்து குளுக்கோஸ் ஆனால்தான் ரத்தத்தில் ஏறும். அதைத்தான் மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் வந்தால் கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் பவுடர். குவித்து மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. எண் ஏறிய பிறகு வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் கைவசம் இல்லையென்றால் சீனியாவது கொடுக்கத்தான் வேண்டும், சும்மா இருக்கக் கூடாது. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். நேரே 108தான். இந்த மூன்று கலந்த மாத்திரை நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. எத்தனை பேருக்கு இந்தக் குளுக்கோஸ் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்தது கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் தனியாகச் சுகரை இப்படித் தள்ளிவிடாது. தள்ளுவது இதுதான். நீங்கள் சாப்பிட்டீர்களா, நெல் களத்தில் நிற்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. கணையத்தைத் தட்டி இன்சுலினை விடச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் கிட்னி விஷயம் இருக்கிறது. 74 வயதில் கிரியாட்டினின் 1.6 என்றால் கிட்னி வடிகட்டும் அளவு கிட்டத்தட்ட 45தான் வரும். வடிகால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரி, மருந்தின் மிச்சம் வெளியேறாமல் உடம்பில் நின்று வேலை செய்யும். ராத்திரி மறுபடியும் 58க்கு இறங்கியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் ஏறி முடிந்தாலும் மாத்திரை உள்ளே முடியவில்லை. இந்த வகை மாத்திரையால் லோ ஆனவரை, எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இதே குடும்பத்தில் கிளிபென்கிளமைடு இன்னும் மோசம், 60 வயதுக்கு மேல் அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது.

மூன்றாவதாக, யாரும் கவனிக்காத மெட்டோபிரோலால். சுகர் இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதுதான் உடம்பு அடிக்கும் மணி. இந்த மாத்திரை அந்த மணியை அமுக்கிவிடும். வேர்வையை மட்டும் அமுக்காது. மார்கழியில் பனியன் நனைந்தது என்று எழுதினீர்களே, படித்ததும் எனக்குத் திக்கென்றது. நிச்சயம் அதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இனி அப்படி வேர்த்தால் ஃபேனைத் தேடாமல் குளுக்கோமீட்டரை எடுங்கள். ஒன்றும் வேர்க்காவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

இப்போது 6.2க்கு வருகிறேன். அது சராசரி. கணக்குப் போட்டால் மூன்று மாதச் சராசரி 130 பக்கம் வரும். தினமும் 130லேயே இருந்தாலும் 6.2 வரும், பகலில் 210க்கு ஏறி விடிகாலையில் 55க்கு இறங்கினாலும் 6.2 வரலாம். எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ரத்த சோகையோ கிட்னி கோளாறோ இருந்தால் அந்த எண்ணே ஏறி இறங்கிக் காட்டும். அதனால் ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது" என்பதை ஒருமுறை பெரிதாகவே சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கார்டு என்று ஓர் ஆய்வு, 10,251 பேர், சராசரி வயது 62, இதய நோய் உள்ளவர்கள் அல்லது வர வாய்ப்புள்ளவர்கள். ஒரு பாதியை 6க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள், மறு பாதியை 7க்கும் 7.9க்கும் நடுவில் விட்டார்கள். 2008 பிப்ரவரியில் அந்த இறுக்கிப் பிடித்த பாதியை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. ஏனென்றால் அதில் 257 பேர் இறந்திருந்தார்கள், தளர்வாக விட்ட பாதியில் 203 பேர். அடுத்தவர் வந்து தூக்கிவிட வேண்டிய அளவுக்கு லோ சுகர் ஆனது மூன்று மடங்கு. இறந்தவர்கள் எல்லோரும் லோ சுகராலேயே இறந்தார்கள் என்று நிரூபணம் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதற்குப் பிறகு வயதானவர்களை 6க்குள் அடைத்து வைக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் யாரும் சொல்வதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலில், வயதானாலும் திடமாக இருக்கிறவர்களுக்கு 7, 7.5, கூடவே பல வியாதிகள் இருப்பவர்களுக்கு 8க்குள் இருந்தால் போதும்.

உங்கள் மாமனார் விஷயத்தில் 7.5லிருந்து 8 என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் அசட்டையாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். நான் அவரைத்தான் நம்புவேன். "நேரத்துக்குச் சாப்பிடாதது அவர் தப்பு" என்பது எனக்கு ஒப்பவில்லை. அறுப்பு சமயத்தில் டெல்டாவில் எந்த விவசாயி மணி பார்த்துச் சாப்பிடுகிறார்? மனுஷனுக்குத் தகுந்த மாத்திரை எழுத வேண்டும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு பொது மருத்துவ நிபுணரையோ சர்க்கரை நோய் நிபுணரையோ பாருங்கள்.

---

ஐயாறன்:

ஐயா எழுதியதில் தப்பு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஊரில் பாதிப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 49. திருவையாற்றில் ஜவுளிக்கடை. முப்பத்தெட்டில் சுகர் வந்தது. "எட்டு இருந்தா என்ன, ஒன்பது இருந்தா என்ன, எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று நண்பர்களோடு பேசித் திரிகிற கூட்டத்தில்தான் நானும் என் அண்ணனும் இருந்தோம். அண்ணனுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து லேசர் வைத்தார்கள். காவிரிப் பாலத்தில் எதிரே வரும் லாரியின் விளக்கு அவருக்குப் பூப்பூவாக விரிந்து தெரியுமாம், வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். அண்ணனைப் பார்த்துத்தான் நான் திருந்தினேன்.

இங்கிலாந்தில் யுகேபிடிஎஸ் என்று ஓர் ஆய்வு, 1998ல் வெளிவந்தது. புதிதாகச் சுகர் வந்தவர்களைப் பத்து வருஷம் 7ல் வைத்திருந்தபோது, 7.9ல் இருந்தவர்களைவிட கண், கிட்னி போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு கால் பங்கு குறைவு. ஆய்வு முடிந்து இன்னும் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் சுகர் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தும், ஆரம்பத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு. எங்கள் டாக்டர் இதைச் சொல்லித்தான் என்னை மிரட்டி வைத்திருக்கிறார்.

ஆகவே சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தாத்தாவின் கால் போனதைப் பார்த்தவர்.

---

குடந்தை மருந்தாளுநர்:

ஐயாறன் தம்பி, கைகொடுங்கள். உங்கள் வயதில் 8 இருந்தால் நானும் திட்டுவேன். நீங்கள் இன்றைக்குக் கட்டுப்பாடாக இருப்பதன் பலன் பத்து, பதினைந்து வருஷம் கழித்துக் கைக்கு வரும். வாங்கிக்கொள்ள நீங்கள் இருப்பீர்கள். 74 வயதில், சுகர் வந்து இருபது வருஷம் ஆனபிறகு, 7.5லிருந்து 6.2க்குக் கொண்டுவருவதால் கிடைக்கப் போகிற லாபம் சொற்பம். அதற்குக் கொடுக்கிற விலை, களத்து மேட்டில் மயங்கி விழுவது. இதே ஒரு விழுதல் வாய்க்கால் மதகு மேல் நடந்திருந்தால்? இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்கள் எத்தனை பேர் திரும்ப எழுந்து நடந்தார்கள் என்று நம் தெருவிலேயே கணக்கெடுக்கலாம்.

தாத்தாவின் கால் விஷயம். கால் போவது 6.2க்கும் 7.7க்கும் உள்ள வித்தியாசத்தால் அல்ல. வருஷக்கணக்கில் பத்து, பன்னிரண்டு என்று கவனிக்காமல் கிடந்து, மரத்துப்போன காலில் முள்ளோ வைக்கோல் தாளோ குத்தியது தெரியாமல் சீழ் வைத்துத்தான் பெரும்பாலும் போகிறது. கூடவே பீடி இருந்தால் கேட்கவே வேண்டாம். அண்டை வெட்டவும் நாற்றங்காலுக்கும் வெறுங்காலோடு இறங்குகிறவர் என்றால், ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் காலைக் காப்பாற்ற அதுதான் வழி.

தளர்த்துவது என்றால் அவிழ்த்து விடுவது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 9, 10 போனால் ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போவது, உடம்பு வற்றுவது, புண் ஆறாதது எல்லாம் வரும். பெரியவருக்கு அதுவும் ஆகாது.

---

மன்னை செவிலி:

அக்கா, ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமா இந்த ஒரு மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாரா? சட்டைப் பை, மஞ்சப்பை, சாமி அலமாரி எல்லாம் பார்த்தீர்களா?

மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம் 2021ல் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வராத காலத்தை நினைத்தால் அது பெரிய விஷயம். ஆனால் தனியார் டாக்டரிடமும் பார்க்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. இந்த அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், அந்த அட்டையில் மருந்துப் பெயர் மட்டும் இருக்கும். வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஒரே மருந்து. எங்கள் வார்டுக்கு லோ சுகரில் வருகிற பெரியவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பதே "பையில் என்ன மாத்திரை இருக்கு, எல்லாத்தையும் கொட்டுங்க" என்பதுதான்.

அப்புறம் சளி, யூரின் இன்ஃபெக்ஷன் என்று போய் லிவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை வாங்கினால் சுகர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். கிளிமிபிரைடோடு சேர்ந்தால் அவை சுகரைத் தடாலென்று இறக்கிவிடும். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருப்பவரா? அன்றைக்கு மாத்திரை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். "சாப்பாட்டை விட்டாலும் மாத்திரையை விடக் கூடாது" என்று பெருமையாகச் சொல்கிற பெரியவர்கள்தான் எங்களுக்கு அதிகம் வருகிறார்கள்.

---

நீடாமங்கலம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தஞ்சாவூர் போய் ஒரு நிபுணரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

செவிலி அக்கா கேட்ட கேள்விக்கு முதலில் பதில். மாமாவின் இரும்புப் பெட்டியில் நிலப் பத்திரத்துக்கு அடியில் கிளிமிபிரைடு 1 அட்டை இருந்தது, வீட்டுக்கு வந்து கொடுத்தது. தினமும் போடுவதில்லையாம். கல்யாணம், காதுகுத்து என்று இலைச் சாப்பாடு சாப்பிடுகிற அன்றைக்கும், டெஸ்ட் எடுப்பதற்கு முந்தின வாரமும் "கூட ஒண்ணு" போட்டுக்கொள்வாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் மாமாவை ஒன்றும் திட்டவில்லை, "ஐயா, பரீட்சைக்கு முன்னாடி படிக்கிற பையனா நீங்க?" என்றார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மூன்று கலந்த மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். மெட்ஃபார்மின் 500 மட்டும் இரண்டு வேளை, அதோடு லினாகிளிப்டின் 5 ஒரு வேளை. இந்த லினாகிளிப்டினுக்குக் கிட்னிக்காக அளவு மாற்ற வேண்டியதில்லையாம், தனியாக லோ சுகரும் அவ்வளவாக வராதாம். கிட்னியைக் காப்பாற்ற டாபாகிளிஃப்ளோசின் என்று இன்னொன்று யோசிக்கலாம், ஆனால் யூரினில் புரதம் போகிறதா என்று பார்த்த பிறகு, வெயிலில் நிற்கிறவர் என்பதால் அவசரப்பட வேண்டாம் என்றார். மெட்டோபிரோலால் எதற்கு ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை, பழைய ஈசிஜி கேட்டிருக்கிறார். ஹீமோகுளோபின் 10.1.

எவ்வளவு இருந்தால் போதும் என்று நானே கேட்டேன். சீட்டின் மேலேயே "7.5 – 8" என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரருக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "எட்டா?" என்று ஒரு வார்த்தை வந்தது. பிறகு ராத்திரி போன் பண்ணி அப்பாவிடம் ரொம்ப நேரம் பேசினார்.

இன்று விடிகாலை மூன்று மணிக்கு 118. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 204. மாமா மீட்டரை என் கையிலிருந்து வாங்கித் தட்டிப் பார்த்தார், ரிப்பேர் என்கிறார். 204க்குப் பயப்பட வேண்டுமா ஐயா?

---

குடந்தை மருந்தாளுநர்:

ஒரு 204க்குப் பயப்பட ஒன்றும் இல்லை. மருந்தை மாற்றி ஒருநாள்தான் ஆகிறது, புது மாத்திரை நிதானமாகத்தான் வேலை காட்டும். இரண்டு வாரம் எழுதிவாருங்கள். வெறும் வயிற்றில் தொடர்ந்து 180க்கு மேலோ, சாப்பிட்ட பிறகு 250, 300 என்றோ நின்றால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். முதல் சில நாள் விடிகாலை மூன்று மணிச் சோதனையை விடாதீர்கள், பழைய மாத்திரை முழுதும் இறங்கட்டும். குளுக்கோமீட்டர் பட்டையை டப்பாவைத் திறந்து போட்டு வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் கெட்டுவிடும்.

ஹீமோகுளோபின் 10.1 என்றால் ரத்த சோகை இருக்கிறது, அதனால் அடுத்த மூணு மாச டெஸ்டையும் நோட்டில் உள்ள எண்களோடு சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர் அல்லவா, பி12 அளவையும் பார்க்கலாமா என்று கேளுங்கள், இந்த மருந்து அதைக் குறைக்கும். கால் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

இரும்புப் பெட்டிச் சாவி இனி யாரிடம் இருக்கப் போகிறது?

---

நீடாமங்கலம் மருமகள்:

மாமியாரிடம் ஐயா. இடுப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறார். குளுக்கோஸ் பாக்கெட் இரண்டு வாங்கி, ஒன்று மாமாவின் சைக்கிள் பையிலும் ஒன்று கொள்முதல் நிலையம் பக்கத்து டீக்கடையிலும் கொடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் தனக்கும் சுகர்தான் என்றார், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.